மஞ்சள் சட்டை போகும்வரை

சுற்றுலா போய்வந்தவர்கள் படம் காட்டுவார்கள். எங்களிடம் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது, அதையும் நான் யாருக்கும் காட்டுவதில்லை. விஸ்மார் துறைமுகத்தில் எடுத்த படம். சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பல்லைக் காட்டி நிற்கிறோம். என் கணவர் ஓரத்தில், ஹெல்மெற்றைக் கழற்றிக் கையில் வைத்தபடி, பாடசாலைப் படத்துக்கு நிற்பது மாதிரி நிற்கிறார். அந்தப் படம் வடிவாக வர வேண்டும் என்பதற்காக ஒரு மனிதர் தன் மஞ்சள் சட்டையைக் கழற்றினார். அந்தச் சட்டையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கோபத்தோடுதான் சொல்வேன், ஆறட்டும் என்று இருந்து பார்த்தேன், ஆறவில்லை.

பயணம் எங்கள் மகள் தன் சம்பளத்தில் வாங்கித் தந்தது. லூபெக்கில் தொடங்கி, பால்டிக் கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு ஸ்ட்ரால்சுண்ட் வரை ஒரு கிழமை முழுக்கச் சைக்கிள் ஓட்டம். முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் எங்கள் பெட்டிகளை ஏற்றிய வான் வண்டி. மத்தியானச் சாப்பாடு எங்கே, எந்த இடத்தில் தண்ணீர் குடிப்பது, எந்தத் தேவாலயத்தை எவ்வளவு நேரம் அண்ணாந்து பார்ப்பது எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருந்தது. கொலோனில் ரயிலேறும்போதே எனக்கு மூக்கு நுனியில் கோபம். சைக்கிளில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. வழிகாட்டியில்தான்.

காரணம் என் கணவர். முப்பது வருடத்துக்கு மேலாகக் கொலோனுக்கு வெளியே ஓர் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். போன வருடம் நெஞ்சு அடைத்து, இரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து, வேலையிலிருந்து நின்றார். அதன் பிறகு எனக்கு வீட்டில் ஒரு புதிய தொந்தரவு தொடங்கியது. எல்லாவற்றுக்கும் என்னிடம் கேட்பார். ஜன்னலைத் திறக்கலாமா, தேத்தண்ணி போடலாமா, கடைப் பக்கம் ஒரு நடை போய்வரலாமா. நானோ முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். பகல் முழுக்க அங்கே வயதானவர்கள் எழும்பலாமா, இருக்கலாமா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் இவரும் அதே முகத்தோடு. அங்கே பொறுமையாகப் பதில் சொல்வேன், அதற்குச் சம்பளம் தருகிறார்கள். இவருக்குப் பதில் சொல்லும்போது சட்டிபானையும் சேர்ந்து சத்தம் போடும்.

இளந்தாரியாக இருந்தபோது இவர் வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பருத்தித்துறைக்கும் காரைநகருக்கும் போய்விடுவாராம். இது அவருடைய அக்கா எனக்குச் சொன்ன கதை. அந்த ஆளை நான் ஒருநாளும் கண்டதில்லை. எனக்குக் கட்டிவைத்தது வேறோர் ஆளை. மகள் சைக்கிள் பயணம் என்றதும் எனக்குள் ஓர் ஆசை முளைத்தது. சைக்கிளில் தனியாக ஏறியவன் ஒவ்வொரு சந்தியிலும் இடமா வலமா என்று தானே முடிவெடுத்தாக வேண்டும். கண்ணை மூடுமுன் ஒரு தடவையாவது இந்த மனிதர் யாரையும் கேட்காமல் தன் விருப்பத்துக்கு ஒரு பக்கம் திரும்புவதைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு சைக்கிளும் ஒரு வரைபடமும் போதும் என்று மகளிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

“அப்பாவை அந்த நெஞ்சோடை தனிய விடேலாது, அம்மா,” என்றாள் அவள். இங்கே பிறந்த பிள்ளை. கடவுளை நம்புகிறாளோ இல்லையோ, காப்புறுதியை நம்புவாள். வழிகாட்டி உள்ள பயணமாகப் பார்த்துப் பதிவு செய்துவிட்டாள். இவருக்கு ஒரே சந்தோஷம். எங்கே திரும்புவது என்று சொல்ல ஓர் ஆள் வருகிறாராம், இனி ஒரு கவலையும் இல்லையாம்.

வழிகாட்டி நெடுநெடுவென்று வளர்ந்த, எந்நேரமும் சிரித்த முகமுள்ள மனிதர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சிரித்துக்கொண்டே ஆளை ஓரங்கட்டும் வகை. லூபெக்கில் முதல்நாள் காலை எல்லோருக்கும் சைக்கிள் பிரித்துக் கொடுத்தபோது, எங்கள் இருவருக்கும் கேட்காமலே மின்சார சைக்கிளை நீட்டினார். மற்றவர்களுக்கு எது வேண்டும் என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, பிரேக் எப்படிப் பிடிப்பது, எந்தக் காலை முதலில் தூக்குவது என்று மெதுவான ஜேர்மனில் செய்து காட்டினார். பெற்றோல் இல்லாத காலத்தில் கரியரில் அரிசி மூட்டையும் முன் பாரில் தம்பியுமாக, குண்டும் குழியுமான றோட்டில் சைக்கிள் ஓடியவள் நான். வாய் வரை வந்தது. கணவர் என் முழங்கையைத் தொட்டார். சாதாரண சைக்கிள்தான் வேண்டும் என்று மட்டும் சொல்லி, வாங்கி, ஏறி, அந்த முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து அவர் காலடியில் நிறுத்தினேன். அவர் கை தட்டினார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கணவர் மின்சார சைக்கிளை மறுக்கவில்லை. கொடுத்ததை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே குழுவின் சட்டத்தையும் விளக்கினார்கள். வழிகாட்டி முன்னால் போவார். பாதை திரும்பும் இடம் வந்தால், அவருக்கு அடுத்ததாக வருகிறவர் அந்த முக்கில் இறங்கி நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று கையை நீட்டிக் காட்ட வேண்டும். எல்லோருக்கும் கடைசியாக மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் வருவார். மஞ்சள் சட்டை கடந்து போனதும் முக்கில் நிற்பவர் ஏறி வந்துவிடலாம். மஞ்சள் சட்டை போகும்வரை அசையக்கூடாது. அப்படிச் செய்தால் ஒருவரும் வழிதவற மாட்டார்கள் என்றார் வழிகாட்டி. நல்ல ஏற்பாடுதான். நானே ஒத்துக்கொள்கிறேன்.

என் கணவருக்கு அந்த ஏற்பாடு உயிராகிவிட்டது. மற்றவர்கள் முக்கில் நிற்க அலுத்துக்கொண்டார்கள். சிகரெட் பிடித்தார்கள், தொலைபேசியைப் பார்த்தார்கள், ஒரு பெண் பூப்பறிக்கப் போய்விட்டார். இவரோ மின்சாரத்தின் உதவியோடு மிதித்து முன்னுக்குப் போய், வழிகாட்டிக்கு அடுத்த ஆளாக ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு முக்குக்கும் தானே இறங்கினார். சைக்கிளை ஓரமாக நிறுத்தி, முதுகை நிமிர்த்தி, கையை நீட்டினால் நீட்டியபடி. நான் கடந்து போகும்போது என்னையும் மற்றவர்களைப் போலவே பார்த்துத் தலையசைத்தார். இவ்வளவு ஒழுங்கான ஆளைத் தான் கண்டதே இல்லை என்று வழிகாட்டி இராச்சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார். இவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். எதைப் பார்ப்பதற்கென்று நான் வந்தேனோ அதற்கு நேர் எதிரானதை அல்லவா எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மஞ்சள் சட்டை போட்டவர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். ஒவ்வொரு வருடமும் இதே நிறுவனத்தோடு வருகிறவராம், அதனால் அந்தப் பொறுப்பு அவருக்கு. திராவமுண்டவில் படகேறி அக்கரை போய்க் கொஞ்சத் தூரம் ஓடியதும், பாதையோரம் ஒரு நினைவுக் கல் வந்தது. முன்பு இரண்டு ஜேர்மனிகளுக்கும் இடையே இருந்த எல்லை அந்த இடத்தால்தான் போனது. எல்லோரும் இறங்கினோம். வழிகாட்டி பேசினார். ஆசிரியர் ஹெல்மெற்றைக் கழற்றினார், கண் கலங்கினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, என் கணவரிடம் கேட்டார். பக்கத்து ஊருக்குப் போகக்கூட உரிமையில்லாத ஒரு வாழ்க்கையை உங்களால் கற்பனை செய்ய முடிகிறதா?

கஷ்டம்தான் என்றார் என் கணவர், மிகவும் மரியாதையாக. வாயில் கொழுக்கட்டை வைத்தவர் போல நின்றார்.

அவருக்குக் கற்பனை தேவையில்லை. அவர் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தபோது, சவர்லாண்ட் மலைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அகதிகள் தங்கும் ஹைமில் விட்டார்கள். விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை அந்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். தாண்டுவதென்றால் அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். கம்பிவேலி கிடையாது, காவல்கோபுரம் கிடையாது, நினைவுக் கல்லும் கிடையாது. ஒரு பாலம், அதற்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம், அவ்வளவுதான். பாலத்துக்கு அப்பால் பக்கத்து ஊரில் இருந்த ஒரு கூட்டாளியின் தாய் எங்கள் நாட்டில் செத்துப்போனார். எட்டாம் நாள் சடங்கான அந்த எட்டுச் செலவுக்கு இவர் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. பஸ்ஸேறிப் போனார். திரும்பி வரும்போது பஸ் தரிப்பிடத்தில் பொலிஸ் மறித்தது. அன்றிரவு பொலிஸ் அறையில் இருந்தார், தண்டனை எழுதினார்கள், விண்ணப்பம் இழுபட்டது. ஒரு சோற்றுக் கவளம் சாப்பிட்டு வந்த குற்றத்துக்கு.

அந்த இழுபாடு என்னையும் சேர்த்துத்தான் இழுத்தது. அவருக்கு நிச்சயித்த பெண்ணாக, கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில், இன்று விசாப் பேப்பர் வரும் நாளை வரும் என்று அம்மாவோடு வருடக்கணக்கில் காத்திருந்தவள் நான். என் இருபதுகளில் பாதி அந்த லொட்ஜின் படிக்கட்டில் போயிற்று. ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். அவருடைய கண்ணீர் பொய்யில்லை. ஆனால் அதில் ஒரு சொட்டுக்கூட என் கணவருக்காக விழவில்லை, விழ வேண்டும் என்று அவருக்குத் தெரியவும் தெரியாது.

விஸ்மாரில் தங்கி, மறுநாள் காலை துறைமுகத்தில் அந்தப் படத்தை எடுத்தோம். மஞ்சள் சட்டை படத்தில் பளீரென்று அடித்து மற்றவர்களை மறைக்கிறது என்று யாரோ சொல்ல, ஆசிரியர் அதைக் கழற்றிச் சுருட்டி வழிகாட்டியின் முன்கூடைக்குள் போட்டார். படம் எடுத்து முடிந்தது. மழை வரும்போல இருந்தது, எல்லோரும் அவசரமாக மழை அங்கிகளை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். சட்டை கூடைக்குள்ளேயே கிடந்தது.

விஸ்மாரிலிருந்து றேரிக் என்ற கடற்கரை ஊர் வரைக்கும் அன்றைய காலை ஓட்டம். கிராமத்து றோட்டுகள், இரண்டு பக்கமும் மஞ்சள் பூப்பூத்த வயல். வழியில் ஒரு செங்கல் வீட்டடியில் பாதை இடப்பக்கம் திரும்பியது. கணவர் வழக்கம்போல இறங்கி நின்றார், கையை நீட்டினார். நான் அவரைக் கடந்து போனேன். மழை தொடங்கியிருந்தது, முகத்தைக்கூட நிமிர்த்திப் பார்க்கவில்லை. அவர் பின்னால் வந்துவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முந்தைய நாட்களில் அப்படித்தானே வந்தார்.

றேரிக்கில் துறைமுகத்தடியில் ஒரு கொட்டகைக்குள் மீன் பாண் விற்றார்கள். எல்லோரும் நனைந்த அங்கிகளை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஆசிரியரும் வந்துவிட்டார். இவரைக் காணவில்லை. வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் சிரித்தபடி, கவலைப்பட வேண்டாம், உங்கள் கணவர் களைத்துப்போய் வானில் ஏறியிருக்கிறார், வான் இப்போது வந்துவிடும் என்றார். எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு, நெஞ்சு நோ உள்ளவர், ஏறியது நல்லது என்று என்னையே தேற்றிக்கொண்டு, பாணுக்குள் வைத்த ஊறுமீனைச் சாப்பிட்டேன். கோப்பியும் குடித்தேன். அந்தக் கோப்பி இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது.

வான் வந்தது. ஓட்டுநர் தனியாக இறங்கினார். அவர் பெரிய றோட்டால் வந்தவராம், வழியில் யாரையும் ஏற்றவில்லையாம்.

நான் உடனே கணவரின் தொலைபேசிக்கு அடித்தேன். என் சைக்கிள் பைக்குள்ளேயே அது அடித்தது. நனையாமல் இருக்கட்டும் என்று காலையில் என்னிடம் தந்திருந்தார். பணப்பை, கண்ணாடிக்கூடு, மாத்திரை எல்லாம் என் பைக்குள்தான்.

அதன் பிறகு நான் குரலை உயர்த்தினேன். வானில் ஏறினார் என்று யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. ஆளைக் காணாததால், வானில்தான் இருக்க வேண்டும் என்று வழிகாட்டி தானே முடிவு கட்டியிருக்கிறார். அந்த உடம்பைப் பார்த்ததும் அவருக்கு அந்த முடிவு லேசாக வந்திருக்கிறது. ஆசிரியரைக் கேட்டேன். அந்தச் செங்கல் வீட்டு முக்கில் இவர் நின்றதைக் கண்டாராம், மணி அடித்துக் கை காட்டினாராம், பின்னால் வருவார் என்று நினைத்து மழையில் தலையைக் குனிந்தபடி மிதித்து வந்துவிட்டாராம். சட்டை எங்கே என்று கேட்டேன். அப்போதுதான் அவர் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

ஆனால் அதற்கும் இதற்கும் என்ன என்று வழிகாட்டி கேட்டார். இது ஒரு விளையாட்டு ஒழுங்குதானே. வளர்ந்த மனிதர், கடைசி ஆள் போனதைக் கண்ணால் கண்டவர், கிளம்பி வர வேண்டியதுதானே. யாராக இருந்தாலும் வந்திருப்பார்கள் என்றார். கொட்டகைக்குள் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னது சரி. யாராக இருந்தாலும் வந்திருப்பார்கள். என் கணவர் வந்திருக்க மாட்டார் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை இவர்களுக்கு விளங்கப்படுத்துவதென்றால் அந்தப் பாலத்திலிருந்து தொடங்க வேண்டும். ஊறுமீனுக்கும் கோப்பிக்கும் நடுவில் அதைப் பரிமாற எனக்கு மனமில்லை.

வானில் போய்ப் பார்ப்போம், முதலில் பெட்டிகளை ஹோட்டலில் இறக்கிவிட்டு வரட்டும், அதுவரை பொறுமையாக இருங்கள் என்றார் வழிகாட்டி. குழுவை விட்டு யாரும் தனியாகப் போக அனுமதியில்லை, காப்புறுதி ஏற்காது என்றும் சொன்னார். பெட்டிகள் முதலில். நான் அவருடைய கூடைக்குள் கையை விட்டு அந்த மஞ்சள் சட்டையை இழுத்து எடுத்தேன். எதற்கு என்று கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அவர் முகத்தில் எறியத்தான் எடுத்தேனோ என்னவோ. எறியாமல் பைக்குள் திணித்தேன், சைக்கிளில் ஏறினேன், வந்த வழியே திரும்பினேன். பின்னால் கூப்பிட்டார்கள்.

காற்று எதிர்க்காற்று, மழை முகத்தில். வழி நெடுக நான் வாய்விட்டுத் திட்டினேன், தமிழில், கேட்க ஒரு மாடுகூட இல்லாத வயல்வெளியில். வழிகாட்டியைத் திட்டினேன், ஆசிரியரைத் திட்டினேன், பிழைப்புக்கு வந்த நாட்டைத் திட்டினேன், மகளைத் திட்டினேன், பாவம். அதிகமாகத் திட்டியது இவரைத்தான். எங்கேயாவது விழுந்து கிடந்தால் என்ன செய்வேன் என்ற பயத்தைத் திட்டித்தான் அடக்க முடிந்தது. நெஞ்சு மாத்திரை என் பைக்குள் குலுங்கிக்கொண்டிருந்தது.

செங்கல் வீடு தூரத்தில் தெரிந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார். விழவில்லை, குந்தியிருக்கவுமில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருக்கும். சைக்கிள் ஓரமாக, மழை அங்கி உடம்போடு ஒட்டி, கை மட்டும் நீட்டியபடி இல்லை. அதை அங்கிக்குள் மடித்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாக வெளியே எடுத்து நீட்டினார். பிறகு நான்தான் என்று தெரிந்து கீழே விட்டார்.

“நீர் சாப்பிட்டனீரோ?” என்று கேட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சைக்கிளைப் புல்லுக்குள் போட்டுவிட்டேன். “உங்களுக்கு விசரே? கடைசி ஆள் போனதைக் காணேல்லையோ?” என்று கத்தினேன். செங்கல் வீட்டின் திரைச்சீலை விலகியது. அந்த வீட்டுக்காரர் நான் வருமுன்பே வெளியே வந்து, தன் கார் வாசலை மறிக்காமல் தள்ளி நிற்கச் சொன்னாராம், தள்ளி நின்றாராம். நாயோடு நடந்துபோன ஒரு பெண், உங்கள் ஆட்கள் எப்போதோ போய்விட்டார்கள் என்று சொன்னாராம், நன்றி சொல்லிவிட்டு நின்றாராம்.

“கண்டனான்,” என்றார் மெல்ல. “ஆள் போனது தெரியும். மஞ்சள் சட்டை போகேல்லை. வேறை ஆருக்கும் மாத்திக் குடுத்திருப்பினம் எண்டு முதல் நினைச்சன். பிறகு, ஒருத்தரும் வரப்போறதில்லை எண்டு விளங்கிச்சுது.”

விளங்கிய பிறகும் ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். அவர் தன் கைகளைப் பார்த்தார். குளிரில் விரல்நுனிகள் வெளுத்துப்போயிருந்தன.

“அண்டைக்குப் பாலத்திலையும் இப்பிடித்தான் நினைச்சனான். தாண்டினா ஒண்டும் நடக்காது, ஆர் பாக்கப் போகினம் எண்டு,” என்றார். “தாண்டினன். நீர் லொட்ஜிலை கிடந்து காய்ஞ்சீர்.”

இத்தனை வருடத்தில் அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. நானும் கேட்டதில்லை. பஸ் தரிப்பிடத்தில் நின்ற பொலிஸ்காரர் அவருக்குச் செய்ததை நான் இவ்வளவு நாளும் அவருடைய சுபாவம் என்று நினைத்து, அதற்காகச் சட்டிபானையை உருட்டியிருக்கிறேன். என் கோபம் அடங்கியது என்று நினைக்க வேண்டாம். அதற்கு இப்போதுதான் சரியான விலாசம் கிடைத்தது. அந்த விலாசத்தில் இன்றைக்குக் கதவைத் தட்டினாலும் யாரும் திறக்க மாட்டார்கள் என்பதுதான் என்னைக் கொல்கிறது. சட்டம் மாறிவிட்டது என்பார்கள். இவர் மாறவில்லையே.

சரி, ஏறுங்கோ போவம் என்றேன். ஓம் என்றார். ஏறவில்லை. சைக்கிளின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு, விஸ்மார்ப் பக்கம் றோட்டை ஒருதரம் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் றோட்டைப் பார்த்தார். இந்த வயதில், ஜேர்மன் பாஸ்போட் எடுத்து இருபது வருடம் ஆன பிறகும், ஒரு முக்கை விட்டு வரத் தெரியாமல் அந்த மனிதர் தவித்தார். நான் கையைப் பிடித்து இழுத்திருந்தால் வந்திருப்பார். ஆனால் நான் சொல்லி வந்ததாகத்தான் இருக்கும். வீட்டில் ஜன்னல் திறப்பது மாதிரி.

பைக்குள்ளிருந்து மஞ்சள் சட்டையை எடுத்தேன். அது ஆசிரியரின் அளவு, எனக்கு முழங்கால் வரை வந்தது. மழை அங்கிக்கு மேலே மாட்டிக்கொண்டேன். சைக்கிளை எடுத்து, அவரைத் தாண்டி, விஸ்மார்ப் பக்கமாகக் கொஞ்சத் தூரம் போய், மரம் ஒன்றடியில் திரும்பினேன். அந்த வீட்டுக்காரர் இப்போது ஜன்னலைத் திறந்தே வைத்துப் பார்த்தார். பார்க்கட்டும். நான் மிதித்து வந்தேன். என் கணவர் நிமிர்ந்தார். கையை நீட்டினார், இடப்பக்கம், நன்றாக, தோளிலிருந்து. நான் மணி அடித்து, அவர் முன்னால் முக்கைத் திரும்பி, கடந்து போனேன்.

போய் நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது அவர் கையைக் கீழே விட்டிருந்தார். தோளை ஒருமுறை சுழற்றினார், முகத்தைத் துடைத்தார், சைக்கிளில் ஏறினார். என்னருகே வந்ததும், நீர் முன்னுக்குப் போம் என்றார்.

“ஏலாது,” என்றேன். “மஞ்சள் சட்டை கடைசியாத்தான் வரவேணும்.”

சட்டம் அல்லவா. முன்னால் போனார். நான் பின்னால் போனேன். மழை விட்டுத் தூறலாகியிருந்தது. ஒரு குளத்தைத் தாண்டினோம், ஒரு பழைய களஞ்சியத்தைத் தாண்டினோம். பிறகு பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. அங்கே வழிகாட்டி இல்லை, கை காட்ட ஒருவரும் இல்லை. அவர் ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்று திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது.

றேரிக் வலப்பக்கம். எனக்கு நன்றாகத் தெரியும், சற்றுமுன்தான் அதே வழியால் வந்தவள். எனக்குத் தெரியாது என்றேன். எனக்கு வழியே ஞாபகமில்லை, நீங்கள் பார்த்து எந்தப் பக்கமாவது திருப்புங்கள் என்றேன். என் பைக்குள் ஒரு தொலைபேசி அடித்தது, அது நிற்க மற்றது அடித்தது. வான் கிளம்பிவிட்டது போலும், அல்லது மகளுக்குச் சொல்லிவிட்டார்கள். நான் எடுக்கவில்லை. அவர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கத்திவிடக்கூடாது என்று நான் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இடப்பக்கம் திருப்பினார். பிழையான பக்கம். வயல்களுக்கு நடுவால் எங்கே போகிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியாத மண்பாதை. கையை நீட்டவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, சரியா என்று கேட்கவில்லை. மின்சாரத்தின் உதவியோடு நல்ல வேகமாகவே போனார். முழங்கால் வரை தொங்கிய அந்த மஞ்சள் சட்டையோடு நான் பின்னால் மிதித்தேன்.